ஹீப்ரு ஆசிரியர்களைத் தயார்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு ஹீப்ரு கற்றுத்தரும் தீவிர வகுப்புக்கு உல்பான் என்று பெயர். முதல் உல்பான் 1949இல் ஜெருசலேமில் தொடங்கியது. வழக்கமான படிப்பு ஐந்து மாதம், சுமார் 500 மணி நேரம். அங்கே பாடம் எடுக்கப் போகிறவருக்குத் தரும் பயிற்சியில்தான் சறுக்கல்கள் அதிகம்.

முதல் சறுக்கல், 'பிறந்ததிலிருந்து பேசுகிற மொழிதானே, இவருக்கு என்ன பயிற்சி?' என்று விட்டுவிடுவது. 'மரம்' எப்படி 'மரத்தை' ஆயிற்று என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால் நம்மில் பலர் திருதிருவென்று விழிப்போம். ஹீப்ரு பேசுபவருக்கும் அதே நிலைதான்.

சந்தையில் ஒரு பொருளின் விலை பத்து ஷேக்கல். கடைக்காரர் 'எஸெர் ஷேக்கல்' என்பார். ஆனால் ஹீப்ருவில் எண்ணுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஷேக்கல் ஆண்பால் சொல் என்பதால் இலக்கணப்படி 'அஸாரா ஷ்காலிம்' என்றுதான் வர வேண்டும். மாணவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார், ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். சாயங்காலம் அதே சந்தையில் அந்த ஆசிரியரும் 'எஸெர் ஷேக்கல்' என்றுதான் கேட்பார்! பேச்சு வேறு, எழுத்து வேறு என்பது நமக்குப் பழகிய தலைவலி. எதைத் திருத்துவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்று பயிற்சியிலேயே பேசித் தீர்க்காவிட்டால் குழம்பிப்போவது மாணவர்தான்.

அடுத்தது உயிர்க்குறிகள். எழுத்தின் கீழும் மேலும் வரும் அந்தப் புள்ளிகளும் கோடுகளும் தொடக்கப் பாடங்களில் இருக்கும், நாளிதழில் இருக்காது. ஸாமெக், பே, ரேஷ் என்று மூன்றே எழுத்து. 'ஸேஃபெர்' என்று படித்தால் புத்தகம், 'ஸபார்' என்றால் முடிதிருத்துபவர், 'ஸஃபார்' என்றால் எண்ணினான். குறிகளை எந்தக் கட்டத்தில், எவ்வளவு எடுப்பது என்று புது ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டும். அவருக்கே தெரியாத எழுத்தில், உதாரணமாக எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில், ஒரு மணி நேரம் மாணவராக உட்கார வைத்துப் பாருங்கள். அதற்கு ஈடான விரிவுரை கிடையாது.

'ஹீப்ருவை ஹீப்ருவிலேயே நடத்து' என்பது பழைய, நல்ல கொள்கை. அதையே வேதவாக்காக்குவது தவறு. 1990களில் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்தார்கள். எத்தியோப்பியாவிலிருந்து 1991 மே மாதத்தில் ஒன்றரை நாளில் 14,000க்கும் மேற்பட்டோர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். ரஷ்ய மொழி பேசும் பொறியாளருக்கு இலக்கணத்தை ஒரு வரியில் ரஷ்யனில் சொன்னால் அரை மணி நேரம் மிச்சம். எந்த மொழியிலும் பென்சில் பிடித்திராத பெரியவருக்கோ முதலில் கோடு போடவே கற்றுத்தர வேண்டும். இருவருக்கும் ஒரே பாடக்குறிப்பைக் கொடுத்து அனுப்புவது அக்கிரமம்.

சரி, வேலையில் சேர்ந்த பிறகு? வழிகாட்டி பின்வரிசையில் படிவத்தோடு உட்கார்ந்து, முடிந்ததும் பத்துக் குறைகளைப் படித்துவிட்டுப் போனால் அது ஆய்வு, ஆதரவு இல்லை. ஒரு தடவைக்கு ஒரே விஷயம் போதும், அதையும் ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். அப்புறம், கலந்துரையாடல் கூட்டங்களைச் சம்பளம் இல்லாத நேரத்தில் வைக்காதீர்கள். முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். மூன்றாம் மாதம் காபி போட்டு வைத்தவர் மட்டும் இருப்பார்.