கடனை அடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்

இழுத்துப் பிடித்தால்தான் சம்பளம் மாதக் கடைசி வரை வரும் என்கிற வீட்டில், கடன் என்றதும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கட்டணும்?" கேட்பதில் தப்பே இல்லை. கைக்கு வருவது இவ்வளவுதான், அதற்குள் தவணை அடங்குமா என்பதுதானே கவலை. ஆனால் இந்தக் கவலை கடன் கொடுப்பவருக்கும் நன்றாகத் தெரியும். தவணையைச் சின்னதாகக் காட்டிவிட்டால் போதும். வட்டி எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியில் மொத்தம் எவ்வளவு என்று பெரும்பாலானவர்கள் கிளற மாட்டார்கள். கடனை அடைக்கும்போது நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுவதால் வருபவை.

குறைந்தபட்சத் தொகை என்னும் வசதி

கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்த பாக்கி, மற்றது "இவ்வளவாவது கட்டுங்கள்" என்கிற குறைந்தபட்சத் தொகை. பணமுடை இருக்கும் மாதத்தில் கண் தானாக இரண்டாவது எண்ணுக்குத்தான் போகும். அதைக் கட்டிவிட்டால் அபராதம் இல்லை, போன் வராது, கடனும் கொஞ்சம் குறைகிறது போலிருக்கும்.

உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். கார்டில் பாக்கி 1,00,000. வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சம் பாக்கியில் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. முதல் மாத வட்டி 3,000 சேர்ந்து பாக்கி 1,03,000 ஆகிறது. அதில் 5 சதவீதமான 5,150-ஐக் கட்டுகிறீர்கள். வட்டி போக அசலில் குறைவது 2,150 மட்டுமே. அடுத்த மாதம் பாக்கி சற்று இறங்கியிருப்பதால் கட்டச் சொல்லும் தொகையும் இறங்கும். இப்படியே ஒரு வருஷம் போனால் கையை விட்டுப் போயிருப்பது ஏறக்குறைய 55,000. பாக்கியோ இன்னும் 77,000. கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். பில்லில் தொகை இறங்கினாலும் நீங்கள் இறங்காமல், முதல் மாதம் கட்டிய அதே 5,150-ஐயே மாதாமாதம் கட்டுகிறீர்கள். 30-ஆவது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். முதல் மாதம் கட்ட முடிந்த தொகைதான் இது, ஒரு பைசா கூடுதல் இல்லை. கார்டுக்காரர் மாதந்தோறும் தருகிற சலுகையை வேண்டாம் என்று சொன்னதற்கே இவ்வளவு வித்தியாசம். தவணை குறைவது நமக்குக் கிடைத்த லாபம் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பாக்கியை முழுவதும் கட்டுகிறவர்களுக்குத்தான் கார்டில் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டால், பொதுவாகப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். கார்டில் ரொக்கம் எடுத்தாலோ முதல் நாளிலிருந்தே வட்டி, அதற்குமேல் கட்டணமும் உண்டு. எனவே அடைத்து முடிக்கும் வரை அந்தக் கார்டில் அன்றாடச் செலவு செய்யாமல் இருப்பது நல்லது.

கணக்கில் ஏறாத கடன்கள்

மொத்தம் எவ்வளவு கடன் என்று கேட்டால் வீட்டுக் கடனையும் வண்டிக் கடனையும் சொல்வோம். கைமாத்து வாங்கியது, போனுக்குப் போகும் தவணை, மச்சானிடம் வாங்கிய "மெதுவா குடு, அவசரமில்ல" பணம் இதெல்லாம் சேராது. சேராத கடன்தான் திடீரென்று எழுந்து நின்று அந்த மாதத்துத் திட்டத்தைக் கவிழ்க்கும். மச்சானுக்கும் ஒரு நாள் அவசரம் வருமல்லவா?

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, தவணை எவ்வளவு, எந்தத் தேதி, எப்போது முடியும், கட்டத் தவறினால் என்ன நடக்கும். இதை வீட்டில் ஒருவர் மட்டும் ரகசியமாக உட்கார்ந்து எழுதினால் பயனில்லை. கணவனுக்குத் தெரியாமல் மனைவியோ, மனைவிக்குத் தெரியாமல் கணவனோ வைத்திருக்கும் கடன் எவ்வளவு சின்னதானாலும் ஆபத்துதான். மறைக்கிறவர் அதை அடைக்க வீட்டுச் செலவிலிருந்து உருவுவார். மற்றவர், இருப்பதாக நினைக்கும் பணத்தை வைத்துச் செலவைத் திட்டமிடுவார். இருவருமே சிக்கனமாகத்தான் இருப்பார்கள். ஆனாலும் மாதாமாதம் துண்டு விழும், காரணம் மட்டும் பிடிபடாது.

வட்டி என்ற கட்டத்தை நிரப்பும்போது கவனமாக இருங்கள். "12 சதவீதம்தான்" என்று சொல்லப்படும் கடனில் இரண்டு வகை உண்டு. குறைந்துவரும் அசலுக்கு வட்டி போடுவது ஒன்று. முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவது மற்றொன்று. இதை பிளாட் வட்டி என்பார்கள். 1,00,000-ஐ 12 சதவீத பிளாட் வட்டியில் வாங்கி 12 மாதத் தவணையில் கட்டினால் வட்டி 12,000, தவணை 9,333. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறாவது மாதத்தில் உங்கள் கையில் இருப்பது பாதிப் பணம்தான். வட்டி மட்டும் முழுப் பணத்துக்கு ஓடுகிறது. அசல் குறையக் குறைய வட்டி குறையும் கணக்கில் வைத்தால் இது ஆண்டுக்கு சுமார் 21.5 சதவீதம். குறுகிய காலக் கடன்களில் கதை இன்னும் மோசம். இரண்டு வாரத்துக்கு 10 சதவீதம் "கட்டணம்" என்றால், வட்டிக்கு வட்டி சேர்க்காமலே ஆண்டுக்கு 260 சதவீதம். பெயர் கட்டணமாக இருந்தாலும் அது வட்டிதான்.

எதை முதலில் அடைப்பது?

எல்லாக் கடனுக்கும் ஐநூறு, ஆயிரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் பணம் கட்டுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் எந்தக் கடனும் முடியாது. அதிக வட்டிக் கடன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றுக்குக் கட்ட வேண்டியதை மட்டும் கட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கும் பணம் மொத்தத்தையும் அதில் போடுவதுதான் கணக்குப்படி சரி. 36 சதவீதக் கடனில் 2,000 கூடுதலாகக் கட்டினால் ஒரு வருஷத்தில் சுமார் 720 வட்டி மிச்சமாகும். அதையே 12 சதவீதக் கடனில் கட்டினால் 240 தான்.

சின்னக் கடனை முதலில் முடியுங்கள், உற்சாகம் வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. உற்சாகத்துக்காக அல்ல, வேறொரு காரணத்துக்காக நானும் இதைப் பாதி ஒப்புக்கொள்வேன். இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடக்கூடிய கடன் ஒன்று இருந்தால், அதை முடித்ததும் அதன் தவணை முழுவதும் கைக்கு வருகிறது. நெருக்கடியான பட்ஜெட்டில் வட்டியில் சில நூறு மிச்சமாவதைவிட மாதம் சில ஆயிரம் விடுபடுவது பெரிய விஷயம். அதைத் தாண்டி வட்டி வரிசையில் போவதே நல்லது.

இந்த வரிசைக்கெல்லாம் முன்னால் நிற்பவை வேறு. வாடகை, மின்சாரம், மருந்து, அப்புறம் தவறினால் வீட்டையோ பிழைப்புக்கான வண்டியையோ கொண்டுபோய்விடும் கடன். அதட்டிப் பேசுகிறவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, அமைதியாக இருக்கும் வாடகையைத் தள்ளிப்போடுவது பல வீடுகளில் நடக்கிறது. யார் குரல் பெரிது என்று பார்க்கக் கூடாது. எது போனால் குடும்பம் தெருவுக்கு வரும் என்று பார்க்க வேண்டும்.

கையைத் துடைத்துவிட்டுக் கட்டுவது

கடன் மேல் வெறுப்பு வந்து, சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் வழித்து ஒரே நாளில் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். அடுத்த மாதமே குழந்தைக்குக் காய்ச்சல், அல்லது வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. கையில் ஒன்றுமில்லை. உடனே கிடைக்கும் கடன் எதுவோ அதுதான் வழி, உடனே கிடைப்பது எப்போதும் வட்டி அதிகமான கடன். அடைத்தது மறுபடி திரும்பி வந்துவிடும், கூடுதல் வட்டியோடு.

அதனால் முதலில் ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வையுங்கள். மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்பதெல்லாம் கடன் முடிந்த பிறகு யோசிக்க வேண்டியவை. இப்போதைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவையோ ஒரு ரிப்பேரையோ தாங்கும் அளவு போதும். அதற்குமேல் இருக்கும் சேமிப்பை 6 சதவீத வட்டிக்குப் போட்டுவிட்டு, இன்னொரு பக்கம் 36 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பதும் தவறுதான். சேமிப்பு இருக்கிறது என்ற தெம்புக்கு அது மிக அதிக விலை.

"எதிர்பாராத செலவு" என்று நாம் சொல்பவற்றில் பாதி உண்மையில் எதிர்பார்த்தவைதான். பள்ளிக் கட்டணம் வருஷா வருஷம் அதே மாதத்தில்தான் வருகிறது. இன்சூரன்ஸும், சொந்தத்தில் வரும் விசேஷங்களும் அப்படியே. மாத பட்ஜெட்டில் இவற்றுக்கு இடமில்லாததால்தான் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியாக இருக்கிறது. வருஷத்துக்கு 24,000 ஆகும் என்றால் மாதம் 2,000 தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதை எடுத்தபின் கடனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான சக்தி. அந்த எண் சின்னதாக இருந்தால் மனசு கஷ்டப்படும், பரவாயில்லை.

எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றினால்?

மீண்டும் "மாசம் எவ்வளவு" கேள்விக்கு வருகிறோம். உங்களுக்கு 2,00,000 கடன், வட்டி 18 சதவீதம், இன்னும் இரண்டு வருஷம். தவணை சுமார் 9,985. ஒருவர் வந்து 14 சதவீதத்துக்கு மாற்றித் தருகிறேன், தவணை 4,654 தான் என்கிறார். வட்டியும் குறைவு, தவணையும் பாதிக்கும் கீழே. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது ஐந்து வருஷக் கடன். பழைய கடனில் மொத்த வட்டி சுமார் 39,600. புதியதில் சுமார் 79,200. வட்டி வீதம் இறங்கியும் கொடுக்கும் வட்டி இரண்டு மடங்கு.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 9,985 கட்ட முடியாமல் மாதந்தோறும் அபராதம் ஏறுகிறது என்றால் மாற்றுவது மூச்சு விட உதவும். ஆனால் புதிய கடனை முன்கூட்டியே கட்ட அபராதம் உண்டா, பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, முடிந்த மாதங்களில் கூடுதலாகக் கட்டிக் காலத்தைச் சுருக்குங்கள். இதில் வழக்கமாக நடக்கும் விபத்து இன்னொன்று: பழைய கார்டு பாக்கியெல்லாம் பூஜ்யமாகிவிட்டதால் கார்டுகள் மறுபடி உயிர்பெறும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் புதிய கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும்.

கூடுதலாகக் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் அதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்வார்கள், அசலில் கழிக்க மாட்டார்கள். "அசலில் கழியுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். கடனின் ஆரம்பத்தில் கட்டினால் பலன் அதிகம். மேலே சொன்ன ஐந்து வருஷக் கடனில் முதல் தவணையான 4,654-இல் 2,333 வட்டிக்கே போகிறது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி

கடன் முடியும் வரை ஒரு சினிமா கிடையாது, வெளியே சாப்பாடு கிடையாது, பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது என்று சபதம் எடுக்கும் பட்ஜெட் பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில் உடையும். உடையும்போது சும்மா உடையாது, அதுவரை அடக்கியதை ஒரே வாரத்தில் செலவழிக்க வைக்கும். ஆளுக்குக் கொஞ்சம், கணக்குக் கேட்காத பணம் இருக்கட்டும். அதைவிட, மாதாமாதம் தானாகப் போகும் பெரிய செலவுகளைப் பாருங்கள்: யாரும் பார்க்காத சந்தாக்கள், தேவைக்கு மேற்பட்ட போன் திட்டம், முடிந்தால் வாடகை, இரண்டாவது வண்டி. ஒருமுறை முடிவெடுத்தால் ஒவ்வொரு மாதமும் மிச்சமாகும், தினமும் மனசோடு சண்டை போட வேண்டியதில்லை. வெட்டுவதற்கு எதுவுமே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. வருமானத்தைக் கூட்டுவது, தவணையை மாற்றியமைக்கக் கேட்பது, இந்த இரண்டும்தான் வழி.

கேட்பதற்குப் பெரும்பாலானவர்கள் கூச்சப்பட்டு, போனை எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். தவணை தவறும் முன்பே பேசுவதற்கும், மூன்று தவணை தவறியபின் பேசுவதற்கும் கிடைக்கும் பதில் வேறு. வேலை போனது, மருத்துவச் செலவு என்று காரணத்தைச் சொல்லி, எவ்வளவு கட்ட முடியும் என்ற எண்ணோடு போங்கள். கட்ட முடியாத தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதமே வாக்குத் தவறும். சம்பளம் வருவது ஒரு தேதி, தவணை போவது அதற்கு முந்தைய தேதி என்றால் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் செய்வார்கள். உங்கள் கடனை எல்லாம் பேசி முடித்துத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வருகிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு கடன் முடிந்த மாதத்தில் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. அந்தத் தவணைப் பணத்தை அதே தேதியில் அடுத்த கடனுக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு மாதம் கையில் விட்டால் எங்கே போனதென்று தெரியாமல் கரைந்துவிடும். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு நின்றுவிட்டதா என்று பாருங்கள். பாக்கி ஏதுமில்லை என்று எழுதிய கடிதத்தை வாங்குங்கள். அடகு வைத்த பத்திரம் இருந்தால் அதையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பேசித் தொகையைக் குறைத்து முடித்த கடனாக இருந்தால், கடன் வரலாற்றில் அது முழுவதும் கட்டியதாகப் பதிவாகாமல் போகலாம். எப்படிப் பதிவு செய்வார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.