டேங்க் நிரம்பினால் கத்தும் இரண்டு ஸ்பூன்

மொட்டைமாடி டேங்க் வழிந்து வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் பாசி பிடித்த பிறகுதான் இந்த அலாரத்தைச் செய்ய உட்கார்ந்தேன். ஒரு சாயங்கால வேலை. மூன்றே வாரத்தில் ஊமையாகிவிட்டது. டிரான்சிஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரில் தொங்கிய கம்பிதான் போயிருந்தது.

விஷயம் எளிது. டேங்க் நிறைந்ததும் தண்ணீர் இரண்டு ஸ்பூனையும் தொட்டு இணைக்கும்; அதில் ஓடும் சின்னக் கரண்ட் டிரான்சிஸ்டரைத் திறந்து பஸ்ஸரைக் கத்த வைக்கும். சாமான் கொஞ்சம்தான். பிசி 547 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் ஒன்று (வளையங்கள் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு), 100 கே ஒன்று (பழுப்பு, கருப்பு, மஞ்சள்), மேலே 104 என்று போட்டிருக்கும் கெபாசிட்டர், ஒரு சுவிட்ச், பஸ்ஸர், இரண்டு எவர்சில்வர் ஸ்பூன். பஸ்ஸரைக் கடையிலேயே பேட்டரியில் வைத்துப் பாருங்கள். வைத்ததும் தொடர்ந்து கத்த வேண்டும். ‘டிக்’ என்று மட்டும் சொன்னால் அது வேறு வகை, நமக்கு ஆகாது. சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. டிரான்சிஸ்டர் சில ரூபாய்தான், ஐந்தாக வாங்குங்கள். ஒன்றாவது சால்டரிங் சூட்டில் போகும்.

பிசி 547-இன் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரி பிளஸ் முதலில் சுவிட்சுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு வயர் பஸ்ஸரின் பிளஸுக்கு, இன்னொன்று முதல் ஸ்பூனுக்கு. பஸ்ஸரின் மைனஸ் கலெக்டருக்கு. எமிட்டர் பேட்டரி மைனஸுக்கு. இரண்டாவது ஸ்பூனிலிருந்து வரும் வயர் 10 கே வழியாக பேஸுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 100 கே, அதோடு இணையாக 104.

அந்த 104-ஐ முதலில் நான் போடவில்லை. மாடியிலிருந்து சமையலறை வரை முப்பதடி வயர். கிரைண்டர் போட்டாலே பஸ்ஸர் முனகும். கெபாசிட்டர் போட்டதும் அடங்கியது.

இனி ஸ்பூன் கதை. முதலில் செம்புக் கம்பியின் நுனியை உரித்து அப்படியே தொங்கவிட்டேன். சுவிட்சையும் பஸ்ஸர் வயரில் மட்டும் வைத்திருந்தேன். சத்தம் நின்றது, கரண்ட் நிற்கவில்லை. டேங்க் நிறைந்திருக்கும்போதெல்லாம் பிளஸ் கம்பியிலிருந்து தண்ணீர் வழியாக பேஸுக்குக் கால் மில்லியாம்பியர் அளவில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இழுத்துப் பார்த்தால் மைனஸ் பக்கம் செம்பு அப்படியே. பிளஸ் பக்கம் பச்சை பூத்து, நுனியே கரைந்து போயிருந்தது. அதனால்தான் சுவிட்ச் பேட்டரி வாயிலிலேயே இருக்க வேண்டும். மோட்டார் போடும்போது போடுங்கள், நிறுத்தும்போது அணையுங்கள்.

செம்புக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூன். அம்மா இன்னும் எண்ணிக்கை குறைகிறது என்கிறாள். காம்பில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள்; டிரில்லை மெதுவாக ஓட்டி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், வேகமாகப் போட்டால் எவர்சில்வர் இறுகிக்கொண்டு பிட்டைத்தான் மழுக்கும். அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. வயரை நட்டு போல்ட்டால் முறுக்கி, அந்த இடம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி டேங்க் மூடியிலிருந்து தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். ஒரே பிளாஸ்டிக் துண்டில் இரண்டையும் கட்டினால் ஈரப்பசையே பாலமாகி, தண்ணீர் இறங்கின பிறகும் கத்தும். ஸ்பூன் நுனி வழியும் குழாய்க்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும்.

பேட்டரிக்குப் பதில் பழைய போன் சார்ஜரைப் போடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். மட்டமான சார்ஜரில் உள்ளே இன்சுலேஷன் போனால், 230 வோல்ட் ஸ்பூன் வழியாகத் தண்ணீருக்கும், குளிக்கிற குழாய்க்கும் வந்துவிடும்.

மாடிக்குத் தூக்கும் முன் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் இரண்டு ஸ்பூனையும் ஒன்றையொன்று தொடாமல் முக்கிப் பாருங்கள். போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் உடனே கத்தும். மழைத் தண்ணீரில் சத்தம் மெலிந்தால் இன்னொரு பிசி 547 சேருங்கள்: 10 கே, 100 கே, 104 மூன்றும் புதியதின் பேஸுக்கு மாறட்டும், அதன் எமிட்டர் பழையதின் பேஸுக்கு, இரண்டு கலெக்டரும் ஒன்றாக.