நீலக் கல்லை மையாய் அரைக்காதீர்கள்

போன மாதம் ஓவியத்துக்கு நீலக் கல்லிலிருந்து நிறம் அரைக்கக் கற்க வந்த இருவர், முதல் வாரத்திலேயே நான் இருபது வருஷத்துக்கு முன் செய்த தப்பை அப்படியே செய்தார்கள். முகக்கவசம் போடுங்கள், பாத்திரம் கழுவுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

அசுரைட்டை மையாய் அரைப்பது

மஞ்சளோ மருந்தோ, மையாய் அரைபட்டால்தான் நமக்குத் திருப்தி. அந்தக் கைப்பழக்கம் அசுரைட்டைக் கெடுத்துவிடும். இந்த நீலக் கல் செம்புக் கார்பனேட். குருணையாக இருக்கும்போது ஒளி மணிக்குள் ஆழமாய்ப் போய்வரும், நிறம் அடர்நீலம். நைய நைய ஒளி மேலேயே சிதறி நிறம் வெளிறும். ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய கட்டியைக் கல்வத்தில் மூன்று மணி நேரம் அரைத்தேன். கிடைத்தது பச்சை தட்டிய வெளிர்நீலம். அரைத்ததைத் திரும்பக் குருணையாக்க வழியே இல்லை. இன்றும் யாராவது குழவியை விடாமல் உருட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜப்பானில் இந்தக் கல்லை மணியளவுப்படி எண்ணிட்டு விற்கிறார்கள். 5 பருமன், அடர்த்தி. 13 நைசு, வெளிறல். அதைவிட நைசானது ‘பியாகு’. கல் ஒன்றேதான்.

கொஞ்சம் இடித்ததும் தண்ணீரில் கலக்குங்கள். முதலில் அடியில் படியும் குருணைதான் தங்கம் மாதிரி. மேலே நிற்கும் கலங்கலை வேறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். குருணை மணல்போல் தூரிகையில் உருளும். பசை கெட்டியாக வேண்டும், பல பூச்சு வேண்டும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் மறுபடி கல்வத்துக்குப் போகிறார்கள்.

லாபிஸ் லாஜுலியை வெறுமனே பொடித்துப் பூசுவது

லாபிஸ் இன்னொரு நீலக் கல். ஆப்கானிஸ்தானின் சார்-இ-சங் சுரங்கத்துக் கல்லானாலும் உள்ளே வெள்ளைக் கால்சைட்டும் பொன்னிறப் பைரைட்டும் இருக்கும். வெறும் பொடி சாம்பல் பூத்த நீலம்தான். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி சொன்ன அளவு: 1 பவுண்டு பொடிக்கு பைன் பிசின் 6 அவுன்ஸ், மஸ்தகிப் பிசின் 3, தேன்மெழுகு 3. இவற்றை உருக்கிப் பொடியோடு பிசைந்து உருண்டையாக்கி மூன்று நாள் வைத்து, மரச்சாம்பல் காரநீரில் பிசைந்தால் நீலம் இறங்கும். அழுக்கு அந்த உருண்டையிலேயே தங்கும். முதல் நீரில் இறங்குவதே உயர்ந்தது. பின்னால் வரும் சாம்பல்நீலத்தை அதோடு சேர்த்துவிடாதீர்கள்.

அமிலம்

லாபிஸில் உள்ள கால்சைட்டைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் நீலமும் அழியும். அழுகிய முட்டை நாற்றம்தான் மிஞ்சும்.

வாணலியில் உலர்த்துவது

அசுரைட் கறுத்துவிடும்.