"அதெல்லாம் வேண்டாம்" என்ற அப்பா அம்மாவிடம் செல்லப்பிராணிக்குச் சம்மதம் வாங்குவது எப்படி?

ஒரு முயலோ வெள்ளெலியோ (ஹாம்ஸ்டர்) வளர்க்கலாமா என்று கேட்டு, "அதெல்லாம் வேண்டாம்" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். 14 வயதில் நானும் அப்படி நின்றவன்தான். நான் கேட்டது இரண்டு கினிப்பன்றிகள் (பெயரில்தான் பன்றி; எலி இனத்தைச் சேர்ந்த சின்னப் பிராணி). சம்மதம் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் வீண். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒருநாள் சாப்பிடாமலும் படுத்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த விஷயத்தில் அப்படி அடித்தால் அம்மி இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும்.

படி 1: அந்த 'வேண்டாம்' எதற்கு என்று கண்டுபிடியுங்கள்

முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மையான காரணமாக இருக்காது. என் அம்மா சொன்னது "வீடு நாறும்". நானும் நாற்றம் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று வாரக்கணக்கில் படித்து ஒப்பித்தேன். ஒரு மாலை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நாற்றம் மட்டும்தானாம்மா பிரச்சினை?" என்று கேட்டேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, நிமிராமலேயே, "அந்த மீன் தொட்டியைக் கடைசி வரைக்கும் கழுவினது யாரு?" என்றார்.

எனக்கு 9 வயதில் வாங்கிக் கொடுத்த தொட்டி அது. ஒரு மாதத்தில் மறந்துவிட்டேன். செத்த மீன்களை எடுத்துப் போட்டதும் அம்மாதான். நான் மறந்தே போயிருந்த அந்த வேலையை அவர் மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம்: செலவு, ஒவ்வாமை, வாடகை வீட்டு விதி, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்ற கவலை, எலி போன்ற உருவத்தைக் கண்டால் வரும் அருவருப்பு. எதிர்வாதம் செய்யாமல் கேளுங்கள். "எதை நினைச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

ஒவ்வாமை என்றால் வாதாடவே வேண்டாம். ரோமம் குறைவான பிராணி என்றால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள்; எச்சில், சிறுநீர், தோல் செதிலில் உள்ள புரதங்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. அந்தப் பிராணி இருக்கும் வீட்டுக்கு ஒவ்வாமை உள்ளவரை அழைத்துப்போய் இரண்டு மூன்று முறை சிறிது நேரம் இருந்து பாருங்கள். ஆஸ்துமா இருப்பவர் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 2: உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் பிராணியா என்று பாருங்கள்

நிறைய பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 'சின்னப் பிராணி' என்பதால் வேலையும் சின்னது என்று நினைத்துவிடுகிறோம்.

ஆயுளிலிருந்து தொடங்குங்கள். வெள்ளெலி 2 முதல் 3 ஆண்டு, கினிப்பன்றி 5 முதல் 8, முயல் 8 முதல் 12 வரை வாழும். தங்கமீன் நன்றாகப் பராமரித்தால் 10 ஆண்டையும் தாண்டும். கண்ணாடிக் கிண்ணம் அதற்கு வீடல்ல. உங்கள் வயதோடு இந்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள். 14 வயதில் முயல் வாங்கினால் அது கிழடாகும்போது உங்களுக்கு 24. படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போயிருப்பீர்கள். அம்மா அப்பா இந்தக் கணக்கை மனதில் எப்போதோ போட்டிருப்பார்கள். நீங்களும் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் பேச்சின் தொனியே மாறும்.

அடுத்து குணம். வெள்ளெலி இரவில் விழித்துச் சக்கரம் சுற்றும். மெல்லிய தூக்கம் உள்ளவர் அறையில் வைக்க முடியாது. சிரிய (Syrian) வகை வெள்ளெலியைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும், இரண்டை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். கினிப்பன்றி நேர்மாறு, துணை இல்லாமல் வாடிவிடும். மனிதரைப் போலவே அதன் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அதனால் குடைமிளகாய் போன்றவை தினமும் வேண்டும். ஆமை முதலிய ஊர்வன வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் அந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது. எந்தப் பிராணியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இடத்தை வாயால் விவரிக்காதீர்கள், தரையில் காட்டுங்கள். இரண்டு கினிப்பன்றிகளுக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் வேண்டும். அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டி அறையில் விரித்தேன். "இவ்வளவா?" என்றார் அப்பா. அன்று அவர் முகம் சுருங்கியது உண்மை. ஆனால் பின்னால் கூண்டைப் பார்த்து யாரும் அதிரவில்லை.

படி 3: பிராணி வருமுன்பே வேலையைச் செய்யுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 30 நாள், பிராணி இல்லாமலேயே, அதற்கான வேலை முழுவதும்.

விரித்த செய்தித்தாள்மேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தேன். காலை 6:30-க்குத் தண்ணீர்க் குப்பியைக் கழுவி நிரப்புவேன். மாலையில் தாளை மாற்றிப் பெருக்குவேன். பிராணி வந்த பிறகு இதுதான் ஈரமான விரிப்பை அள்ளும் நேரம். வாரம் ஒருமுறை முழுச் சுத்தம். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்தேன்.

11-ஆம் நாள் காலை தூங்கிவிட்டேன். "இன்று காலை செய்யவில்லை" என்றே எழுதினேன். அப்பா நோட்டைப் புரட்டியபோது அவர் விரல் நின்றது அந்த வரியில்தான். டிக் மட்டுமே நிறைந்த நோட்டாக இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்று பிறகு சொன்னார். தவறிய நாளை மறைக்காதீர்கள்.

மீன் கேட்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குமுன் மீனை விட்டால் அதன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே மீன் இல்லாத தொட்டிக்கு மட்டும் முதலில் அனுமதி கேளுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, பாக்டீரியாவுக்கு உணவாகச் சிறிதளவு அம்மோனியாவோ மீன் தீனியோ போட்டு, தண்ணீரைச் சோதித்து எழுதி வாருங்கள். மீனுக்குத் தேவையான காத்திருப்பே உங்கள் ஒத்திகையும் ஆகிவிடும்.

படி 4: செலவை ஒரு தாளில் எழுதுங்கள்

மூன்று பத்தி போதும்: ஒருமுறைச் செலவு, மாதச் செலவு, மருத்துவம். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் சின்னப் பிராணிகளைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார் என்று முன்பே போன் செய்து விசாரித்து எழுதுங்கள். ஊருக்குப் போகும் நாட்களில் பார்த்துக்கொள்பவரின் சம்மதமும் அதே தாளில் இருக்கட்டும்.

படி 5: பேசுங்கள்

களைத்து வீடு திரும்பிய நேரத்தில் வேண்டாம். விருந்தினர் முன்னால் வேண்டவே வேண்டாம், அது மடக்குவது. நான் தொடங்கியது இப்படி: "அம்மா, மீன் தொட்டி விஷயத்துல நீங்க சொன்னது சரி. நான் விட்டுட்டேன். இந்த 30 நாள் நோட்டைப் பார்த்துட்டு நேரம் எடுத்துச் சொல்லுங்க." அன்றே பதில் கேட்கவில்லை. அவரும் ஒன்பது நாள் எதுவும் சொல்லவில்லை.

அப்போதும் 'வேண்டாம்' என்றால்? ஒளித்துக் கொண்டுவந்து வைக்காதீர்கள். கண்டுபிடிக்கும் நாளில் பாதிக்கப்படுவது அந்த உயிர்தான். அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போகும்போது அவர்கள் பிராணியைப் பார்த்துக்கொள்ளுங்கள், விலங்குக் காப்பகத்தில் உதவுங்கள். எப்போது மறுபடி கேட்கலாம் என்று அவர்களிடமே ஒரு மாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

சம்மதம் கிடைத்த பிறகு

வந்த முதல் இரண்டு மூன்று நாள் கையில் எடுக்காதீர்கள். புது இடம் பழக அதற்கு நேரம் வேண்டும். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னப் பிராணிகள் நோயை மறைக்கும், எடை குறைவதுதான் பல நேரம் முதல் அறிகுறி. கினிப்பன்றி என்றால் வாரம் ஒருமுறை ஒரே கிழமையில், கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதுங்கள். அரை நாள் எதுவுமே தின்னவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருத்துவரின் போன் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, நோட்டைக் கூண்டின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அதைத் தேடப்போவது அம்மாவோ அப்பாவோதான்.