"கத்தி இருக்கா?" என்று கேட்டால் என்ன செய்வது

"மச்சான், கத்தி இருக்கா?" என்று யாராவது கேட்டால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்விடும். போகட்டும், ஆனால் கத்தி வெளியே வருவதற்குள் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நான் ஒரு நல்ல மடக்குக்கத்தியின் முனையை இழந்தேன். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரின் கரையில் படகு எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், டீசல் கேன் மூடி இறுகிவிட்டது என்று ஒருவர் வந்து வாங்கிப் போனார். மூடி திறந்துவிட்டது, ஆனால் கத்தி முனையில் ஒரு நகத்தளவு உடைந்து எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் மடக்கித் திருப்பிக் கொடுத்ததால், சாயங்காலம் மாங்காய் அறுக்க விரிக்கும்வரை எனக்கு அது தெரியவே இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. கத்தி வைத்துப் பழகாதவருக்கு அது கையடக்கமான ஒரு இரும்புத்துண்டு, அதால் நெம்பலாம், திருகலாம், தட்டலாம், குத்தலாம். கூர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கத்தி இரும்பைக் கடினமாக்குகிறார்கள், கடினமான இரும்பு வளைந்து கொடுக்காது, பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று ஒடியும். அதிலும் முனைதான் இருப்பதிலேயே மெல்லிசான இடம். இதெல்லாம் கேட்டு வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

"எதுக்கு?" என்பதற்கு வருகிற பதிலை வைத்து முடிவெடுங்கள். பார்சல் டேப், சாக்குத் தையல், நூல் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். வயர் சீவ, தகர டப்பா திறக்க, ஐஸ் உடைக்க, ஸ்க்ரூ கழற்ற என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அதற்கெல்லாம் வேறு சாமான் இருக்கிறது. கயிறு என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நைலான் கயிற்றை அறுப்பது பெரிய வேலையில்லை, ஆனால் கரையில் கிடந்த கயிற்றின் புரிக்குள் மணல் ஏறியிருக்கும், அதோடு சேர்த்து நாலு இழுப்பு இழுத்தால் கூர் காலி. அறுக்கிற இடத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு அறுக்கச் சொல்லலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். மீன் கழுவ என்றால் நான் கொடுப்பதில்லை. செதிலும் ரத்தமும் மடக்குகிற இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும், மறுநாள் அதே கத்தியில் கொய்யாப்பழம் அறுத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். மீனுக்கு அரிவாள்மனைதான் சரி.

நான் இப்போது பெரும்பாலும் செய்வது இதுதான்: கத்தியைக் கொடுக்காமல் கூடவே போய்விடுவேன். "இங்க கொண்டாங்கண்ணே, நான் அறுத்துத் தர்றேன்" என்றால் பத்தில் ஒன்பது பேருக்குச் சந்தோஷம்தான், வேலை மிச்சம். கத்தி உங்கள் கையை விட்டும் போகாது, இல்லை என்று சொன்ன கெட்ட பெயரும் வராது. கரையில் அந்தப் பெயர் ஒருதடவை வந்துவிட்டால் போகவே போகாது, நாளைக்கு நமக்கு ஒரு ஸ்பானர் வேண்டுமென்றால் யாரிடம் போய் நிற்பது?

கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கொடுக்கிற விதமும் இருக்கிறது. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் அப்பத்தா சொல்லும். சண்டை வருமோ வராதோ, கை அறுபடாது, அந்தமட்டில் நல்ல பழக்கம்தான். ஆடுகிற படகில் மட்டும் இது வேண்டாம், வைத்த கத்தி வழுக்கி எங்கேயாவது போய்விடும். அங்கே மடக்கிய நிலையில் கைக்குக் கை கொடுத்து, அவர் இறுக்கிப் பிடித்த பிறகு விடுங்கள்.

மடக்குவது எப்படி என்பதையும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். வாங்குகிறவர்கள் கையை அறுத்துக்கொள்வது பெரும்பாலும் விரிக்கும்போது இல்லை, மடக்கும்போதுதான். சில கத்திகளில் பூட்டே கிடையாது, பின்பக்க ஸ்பிரிங் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், குத்தி அழுத்தினால் விரல் மேலேயே மடங்கும். சிலவற்றில் உள்ளே இருக்கும் தகட்டைப் பெருவிரலால் தள்ள வேண்டும், தள்ளிய விரலை அங்கேயே வைத்துக்கொண்டு மடக்கினால் கதை முடிந்தது. மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தி ஒபினெலில் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், 1955-இல் வந்த பூட்டு அது, அதைத் திருப்பினால்தான் மடங்கும். தெரியாமல் முழு பலத்தையும் போட்டு மடக்கப் பார்த்த ஒரு மாப்பிள்ளையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெட்டு விழுந்தால் நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும், டீசலும் மண்ணும் பட்ட கத்தி என்றால் இதில் அலட்சியம் வேண்டாம்.

குடித்திருப்பவருக்கும், வாய்ச்சண்டை நடக்கிற இடத்திலிருந்து விறுவிறுவென்று வந்து கேட்பவருக்கும் கத்தி கிடையாது. காரணமும் சொல்ல வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லுங்கள், தப்பில்லை.

கடலில் மட்டும் இதுவரை சொன்ன எதுவும் செல்லாது. வலை இறங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு ஒருத்தர் காலில் சுற்றிவிட்டால் கத்தி யாருடையது, முனை உடையுமா, மணல் ஏறுமா என்றெல்லாம் யாரும் நினைக்கக் கூடாது, கைக்கு எட்டியதை எடுத்து அறுக்க வேண்டியதுதான். உண்மையில் அந்த நேரத்துக்கு மடக்குக்கத்தி உதவாது. ஈரக் கையில், பதற்றத்தில், அதை விரிக்கவே முடியாது. அதனால் மடக்காத கத்தி ஒன்றை உறையோடு எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் கட்டி வையுங்கள், அது எல்லோருக்கும் பொது. அதை மாங்காய் அறுக்க எடுக்கிற தம்பிக்கு இரண்டு திட்டு விழட்டும்.

கரையில் கத்தி அதிகமாகக் கைமாறுவது தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மராமத்தும் பெயின்ட்டும் வலைக் கிழிசல் சரிபார்ப்பதும் அப்போதுதான் நடக்கும். காலையில் கொடுத்த கத்தி மதியம் நாலாவது ஆளிடம் இருக்கும். யாரிடம் கொடுத்தீர்களோ அவரிடமே கேளுங்கள், தேடுவது அவர் பாடு. திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே விரித்து முனையையும் கூரையும் பாருங்கள், அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பதை இந்தக் கடற்கரையில் நம்பாதீர்கள், உப்பு அதிலும் புள்ளி புள்ளியாகக் குழி போடும். இடுக்கில் இருக்கிற மணல் முழுக்கப் போகும்வரை விரித்து மடக்கி அலசி, நன்றாகக் காயவைத்து, பிறகு ஒரு சொட்டு எண்ணெய். மணல் இருக்கும்போதே எண்ணெய் விட்டால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூர் போயிருந்தால் பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தேய்த்தாலே ஓரளவு வந்துவிடும். மோட்டார் சாணையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், சூடேறி விளிம்பு நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

முனை உடைந்த அந்தக் கத்தியை நான் தூக்கிப் போடவில்லை. உடைந்த இடத்தை அரத்தால் ராவி மழுங்கலாக்கி, பிடியில் சிவப்பு நைலான் நூல் கட்டி வைத்திருக்கிறேன். கப்பல்காரர்கள் அந்தக் காலத்திலேயே முனை மழுங்கிய கத்தி வைத்திருந்தார்கள், கயிறு நன்றாக அறுக்கும், ஆடுகிற கப்பலில் யாரையும் குத்தாது. முனையே இல்லாததால் இதை வைத்து யாரும் எதையும் நெம்ப முடியாது, எனவே கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்போது இதுதான். போன வாரம் டீசல் கேன் அண்ணனே வந்து கேட்டார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முனையில்லாத கத்தியை வாங்கி வச்சிருக்க?" என்றார்.