நைட் சிஸ்டர் உங்களுக்குப் போன் செய்யத் தயங்குகிறாரா? அங்கிருந்து தொடங்குங்கள்

சேலத்தில் ஐந்து ரோடு சந்திப்பில் இருந்து ஓமலூர் மெயின் ரோடு, அந்தப் பக்கம் அஸ்தம்பட்டி வரைக்கும் போனால் இருபது படுக்கை, ஐம்பது படுக்கை மருத்துவமனைகள் நிறைய கண்ணில் படும். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள்தான். வைத்தியம் படித்தவர்கள்; ஆனால் நாற்பது பேரை வைத்து ஒரு இடத்தை நடத்துவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவும், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்காகவும், ஏற்காடு மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் டாக்டர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கீழே இருக்கிறவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி மேலே இருக்கிறவருக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது? ஒரு மருத்துவமனையில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்பதை நான் இதை வைத்துத்தான் பார்ப்பேன். புன்னகை, காலை வணக்கம், மே 12 செவிலியர் தினத்துக்குக் கேக் வெட்டுவது எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயம் இருக்கிற இடத்தில் செய்தி தாமதமாகும், செய்தி தாமதமானால் நோயாளிக்கு ஆபத்து.

இரவு இரண்டு மணி போன்

சாயங்காலம் சிசேரியன் முடிந்த ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு பன்னிரண்டுக்கு நாடி 92. ஒரு மணிக்கு 104. இரண்டு மணிக்கு 118, பேட் நனைந்து விரிப்பிலும் ஈரம், ஆனால் பி.பி. இன்னும் 110/70தான். டியூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கு வயது இருபத்திரண்டு; ஏதோ சரியில்லை என்று அவருக்கே தோன்றுகிறது. போன வாரம் இதே நேரத்தில் வேறொரு நோயாளிக்காக டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டபோது, "இதுக்கெல்லாமா எழுப்புவ?" என்று கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது, நாலு மணிக்கு இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார். இளம் தாய்மார்களுக்கு ரத்தம் போகும்போது நாடிதான் முதலில் ஏறும், பி.பி. ரொம்ப நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் சரசரவென்று விழும். நாலு மணிக்கு அவர் போன் செய்யும்போது ரத்தம் ஏற்பாடு செய்வதற்கே நேரம் போதவில்லை. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் சொன்ன ஒரே ஒரு வரி, அந்தத் தாயின் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டது.

இதைத் தவிர்க்க மூன்று காரியம் செய்யலாம், மூன்றுக்கும் காசு செலவில்லை.

எந்த நேரத்தில் போன் வந்தாலும் உங்கள் முதல் வார்த்தை, "கூப்பிட்டது நல்லதாப் போச்சு சிஸ்டர், சொல்லுங்க" என்பதாக இருக்கட்டும். தேவையில்லாத போனாக இருந்தாலும் இதே வார்த்தைதான். எது தேவை, எது தேவையில்லை என்று கற்றுக்கொடுக்க வேண்டுமா, மறுநாள் தனியாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள். இரவு இரண்டு மணி பாடம் நடத்துகிற நேரம் இல்லை.

அப்புறம், டாக்டரை எழுப்பலாமா வேண்டாமா என்ற முடிவை அந்தப் பெண்ணின் தலையில் வைக்காதீர்கள். நாடி எவ்வளவு தாண்டினால், பி.பி. எவ்வளவுக்குக் கீழே போனால், சிறுநீர் எவ்வளவு குறைந்தால், பேட் எவ்வளவு நேரத்தில் நனைந்தால் கூப்பிட வேண்டும் என்று உங்கள் மருத்துவர்களே கூடி முடிவு செய்து, ஒரு தாளில் எண்ணாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே, பத்து நிமிடத்தில் முதல் டாக்டர் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரும் நம்பரும். இனிமேல் உங்களை எழுப்புவது அந்தத் தாள், சிஸ்டர் இல்லை. யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை.

மூன்றாவது, பேசுவதற்கு ஒரு வரிசை. எஸ்பார் (SBAR) என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, இவருடைய பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்று நாலு படி. நம் ஊரில் முதல் இரண்டு படியோடு சிஸ்டரை நிறுத்திவிடுகிறோம். மூன்றாவது படிக்கு நீங்கள்தான் இடம் கொடுக்க வேண்டும்: "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள். முதல் பத்து தடவை "தெரியலைங்க மேடம்" என்றுதான் வரும். விடாமல் கேளுங்கள்.

ரவுண்ட்ஸில் திட்டாதீர்கள்

நோயாளி முன்னால், அவருடைய சொந்தக்காரர்கள் முன்னால், ஜூனியர் முன்னால் திட்டக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம். டிரிப் முடிந்து குழாயில் ரத்தம் ஏறி நின்றால்கூட, முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள், ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு அறைக்குக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேளுங்கள். பாதி சமயம் காரணம் வேறாக இருக்கும்: பதினெட்டு படுக்கைக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் நோயாளியோடு ஸ்கேனுக்குப் போயிருப்பார். நோயாளிகள் முன்னால் நீங்கள் திட்டிய சிஸ்டரை, நீங்கள் படி இறங்கியதும் நோயாளியின் சொந்தக்காரர்களும் அதே குரலில் திட்டுவார்கள். அந்த அனுமதியை நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

தவறைச் சொன்னவருக்கு மெமோ கொடுக்காதீர்கள்

ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையை முடிச்சுப் போடும்போது விரலில் சுருக்கென்று குத்துகிறது. ஊசி வெள்ளை டப்பாவில்தான் போட்டிருக்க வேண்டும், யாரோ அவசரத்தில் மஞ்சள் பையில் போட்டுவிட்டார்கள். அவர் கையுறையைக் கழற்றி விரலைப் பார்க்கிறார், ஒரு பொட்டு ரத்தம். குழாயில் கழுவிவிட்டு, புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த வார்டுக்குப் போகிறார். சொன்னால் "பார்த்துக் கட்டத் தெரியாதா" என்று காண்டிராக்டர் கேட்பார், அரை நாள் சம்பளம் போகும் என்ற பயம்.

ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்கும் (ஹெபடைடிஸ் பி) பார்க்க வேண்டும். அந்த அக்கா வாய் திறந்தால்தான் இது எதுவும் நடக்கும். ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள், அதற்கு 'நடந்தது' நோட்டு என்றே பெயர் வையுங்கள். மருந்து மாறியது, ஊசி குத்தியது, நோயாளி கட்டிலில் இருந்து விழுந்தது, விழப் பார்த்துத் தப்பியது, எல்லாம் அதில் வரட்டும். யார் என்ற கேள்வி கடைசியில், ஏன் என்ற கேள்வி முதலில். அதில் எழுதியதை வைத்து யாருக்கும் மெமோ கிடையாது என்று ஊழியர் கூட்டத்தில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். தெரிந்தே செய்த அலட்சியத்துக்கும் குடித்துவிட்டு வேலைக்கு வருவதற்கும் தனி நடவடிக்கை உண்டு, அதையும் இதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இன்னொன்று: குப்பை கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பது 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. காண்டிராக்டில் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். போட்டிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பதிவேட்டைப் பாருங்கள்.

நோட்டில் பதிவு கூடினால் பதற வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே அதிகமாகத் தவறு செய்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை, ஒளிக்காமல் சொன்னார்கள். உங்கள் நோட்டு மூன்று மாதம் வெள்ளையாகவே இருந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

வீட்டில் வயதில் மூத்தவரை "வாங்க, உக்காருங்க" என்று சொல்கிற பிள்ளைகள்தான் வெள்ளைக் கோட்டு மாட்டியதும் "ஏய் ஆயா, இங்க வா" என்கிறார்கள். சுற்றறிக்கை போட்டால் இது மாறாது. பெரிய டாக்டர் "லட்சுமி அக்கா, கொஞ்சம் இந்தக் கட்டிலைப் பிடிங்க" என்று நாலு நாள் கூப்பிட்டால் ஐந்தாவது நாள் ஜூனியர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் இதற்கு ஒரு முறையே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். தினம் பார்க்கிற முகம்தானே என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு தடவை வாய் திறந்தவருக்கு, "சார், பஞ்சு கணக்கு ஒண்ணு குறையுது" என்று இரண்டாவது தடவை திறப்பது சுலபம்.

டியூட்டி சார்ட்

மாதா மாதம் 25ஆம் தேதிக்குள் அடுத்த மாத சார்ட் சுவரில் இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் மட்டும் இல்லை, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் எல்லாருக்கும் லீவு வேண்டும். போன வருடம் யார் டியூட்டி பார்த்தார்கள் என்று எழுதி வைத்திருந்தால் இந்த வருடச் சண்டை பாதி குறையும். இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆத்தூருக்கும் எடப்பாடிக்கும் பஸ் பிடிக்கிற பெண்களுக்குப் பஸ் ஸ்டாண்டு வரை வண்டி ஏற்பாடு செய்யுங்கள், முடியாவிட்டால் ஷிப்டை ஏழரைக்கு மாற்றுங்கள். உட்கார நாற்காலி வேண்டும். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகத் தமிழ்நாடு 2021இல் சட்டத்தையே திருத்தியது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் சிஸ்டருக்கு ஒரு ஸ்டூல் போடச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வருமானம் கொண்டுவரும் டாக்டர்

உங்கள் தலைமைக்கு உண்மையான சோதனை இதுதான். கேஸ் நிறைய கொண்டுவருகிற கன்சல்டன்ட் ஒருவர் கோபத்தில் கருவித் தட்டை விசிறி எறிகிறார், அல்லது பயிற்சிக்கு வந்த நர்ஸிங் மாணவியிடம் தப்பாக நடக்கிறார். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். "அவர் அப்படித்தான், கைராசிக்காரர்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதுவரை நீங்கள் ஒட்டிய தாளுக்கும் போட்ட நோட்டுக்கும் மதிப்பு இருக்காது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர், அங்கே மூத்த பொறுப்பில் இருக்கும் பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியில் இருந்து ஒருவர். அந்த வெளி ஆள் உங்கள் வக்கீலாகவோ உறவாகவோ இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், பெண்களுக்காக நிஜமாகவே வேலை செய்கிற ஒருவரைத் தேடுங்கள். பயிற்சி மாணவி, காண்டிராக்ட் ஊழியர் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை. பத்துப் பேருக்குக் கீழே என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. உறுப்பினர் பெயர்களையும் நம்பர்களையும் வரவேற்பறையில் மட்டும் மாட்டாமல், பெண்கள் உடை மாற்றும் அறையின் உள்பக்கமும் ஒட்டுங்கள், அங்கேதான் ஒருவர் தனியாக நின்று நம்பரைக் குறித்துக்கொள்ள முடியும்.

மலைக்கு மேலே

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் ஒரு சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வருகிற டாக்டர் ஒன்றிரண்டு வருடத்தில் மேல்படிப்புக்கோ மாற்றலிலோ கீழே இறங்கிவிடுவார். கிராம சுகாதார செவிலியர் அங்கேயே இருப்பார். மழை பிடித்தால் எந்தப் பாதை அடைபடும், எந்த எஸ்டேட் லைன் வீட்டில் எட்டு மாத கர்ப்பிணி இருக்கிறார், அவரை எந்த வாரம் கீழே கூட்டி வர வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். முதல் வாரம் உத்தரவு எதுவும் போடாமல் அவரோடு நடந்து போய்ப் பாருங்கள். ஊழியர்களில் இந்த மலையின் மலையாளி பழங்குடிக் குடும்பத்தில் இருந்து வந்தவர் இருந்தால், அவருடைய ஊரையோ பேச்சையோ யாரும் கேலி செய்ய விடாதீர்கள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி. கோடை விழா சமயத்தில் கூட்டமும் வண்டியும் குவியும்போது கூடுதல் ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே மேலே எழுதிக் கேட்பது உங்கள் வேலை.

சண்டை வந்தால்

நோயாளியின் ஆட்கள் கூச்சல் போடும்போது சிஸ்டரை முன்னால் அனுப்பாதீர்கள், நீங்கள் வெளியே வாருங்கள். கெட்ட செய்தியை டாக்டர்தான் சொல்ல வேண்டும், உட்கார வைத்து, தமிழில், அவசரப்படாமல். கை வைத்தால் மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கும் 2008 தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. அடிபட்ட ஊழியரைத் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பாமல் மருத்துவமனை பெயரில் நீங்களே புகார் கொடுங்கள்.

போகிறவர்களைக் கேளுங்கள்

பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போகிற சிஸ்டர் ராஜினாமா கொடுத்தால், ஏன் என்று கேட்க வேண்டும். ஆனால் அவருடைய அசல் சான்றிதழ்களைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு கேட்டால் எப்படி உண்மை வரும்? அசலை வாங்கி வைக்கும் பழக்கத்தையே விடுங்கள், சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கடைசி மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் அவர் கைக்குப் போன பிறகு, அவருடைய இன்சார்ஜ் இல்லாத வேறொருவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கட்டும்: இங்கே யாருக்குப் பயந்தீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள்? வருகிற பதிலில் உங்கள் பெயரே இருந்தாலும் அதை அப்படியே எழுதி உங்கள் மேஜைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.