வேதியியல் பட்டத்தோடு தொழில்துறைக்குள் நுழைய

வேதியியல் படித்துவிட்டுத் தொழில்துறைக்கு வர நினைத்தால், முதல் வேலையாகத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தைத் தேடுங்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியை வெறும் பட்டன் தட்டும் பெட்டியாகப் பார்க்காதீர்கள். கரைப்பானை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிப்பது ஏன், பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) ஓடிய குழாயில் நேரடியாக அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானை விட்டால் உப்பு படிந்து அடைத்துக்கொள்வது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நேர்காணலில் என்னிடம் கேட்டதும், இப்போது நான் பிறரிடம் கேட்பதும் இந்த 'ஏன்'தான்.

பதிவேடு அதைவிட முக்கியம். எடை பார்த்த அந்த நிமிடமே எழுதுங்கள். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்து, கையொப்பமும் தேதியும் இடுங்கள். முதல் மாதம் நான் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து மாலையில் நோட்டில் ஏற்றினேன். அந்த ஆய்வு முழுவதையும் திரும்பச் செய்ய வைத்தார்கள். அவர்கள் செய்தது சரி.

அப்புறம், உற்பத்திப் பக்கம் போய் நின்று பாருங்கள். 100 மில்லி குடுவையில் அமைதியாக நடக்கும் வெப்ப உமிழ் வினை, 1,000 லிட்டர் கலனில் சூடேறிக் கட்டுமீறலாம். கன அளவு பெருகும் அளவுக்கு, வெப்பம் வெளியேறும் பரப்பு பெருகுவதில்லை. செயல்முறை மேம்பாட்டு வேலைக்குப் போக இந்தப் புரிதல் வேண்டும்.

விண்ணப்பத்தில் பாடப் பெயர்களைக் குறைத்து, நீங்கள் கையால் இயக்கிய கருவிகளையும் தீர்த்த ஒரு சிக்கலையும் எழுதுங்கள்.